கடல் மேல் பந்தி

சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் விளம்பரத்தில் முதலில் எண்ணிக் காட்டுவது உணவகங்களைத்தான். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ கப்பலில் சாப்பிடுவதற்கு 20-க்கும் மேற்பட்ட இடங்கள். வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் அதே கணக்கு. நார்வீஜியன், எம்எஸ்சி எல்லாரும் இந்தப் போட்டியில் இருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கப்போகும் குடும்பம் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதில் உணவகம் அதிகமோ அதில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறது. இந்த அளவுகோலே தவறு என்பது என் கட்சி.

ஒரு கப்பலின் சமையலை எடைபோட நான் வேறொன்றைக் கேட்பேன். பயணத்தின் நடுவில், கரையே தொடாத ஒரு நாளில், டிக்கெட் காசுக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதவருக்கு இரவு இரண்டாம் பந்தியில் என்ன கிடைக்கிறது? கரை தொடும் நாளில் பாதிப் பேர் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சமையற்கூடத்துக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். முழுநாளும் கடலில் இருக்கும்போது அத்தனை பேரும் கப்பலுக்குள்ளேயேதான். காலை, மதியம், மாலைச் சிற்றுண்டி எல்லாவற்றையும் அதே அடுப்புகள் தாங்கியாக வேண்டும். புறப்பட்ட துறைமுகத்தில் ஏற்றிய கீரை காய்களும் அதற்குள் பாதி தீர்ந்திருக்கும். அந்த இரவில் தட்டில் வருவதுதான் அந்த நிறுவனத்தின் தரம். இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவரை அந்தக் கப்பல் எப்படி நடத்துகிறது? தமிழ் வாசகர்களில் பலருக்கு முதல் கேள்வியைவிட இதுவே முக்கியம் என்பதால் அதைப் பின்னால் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தச் சமையற்கூடம். பெரிய கப்பல்களின் பொது உணவுக்கூடத்தில் பழைய வழக்கப்படி இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில் ஒன்று. எட்டு, எட்டேகால் வாக்கில் மற்றொன்று. கல்யாண மண்டபத்துச் சமையல்காரரைப் போலத்தான் இங்கும் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் படைக்க வேண்டும். ஆனால் மண்டபத்தில் எல்லா இலைக்கும் ஒரே சாப்பாடு. வாளியிலிருந்து நேராக இலைக்கு வந்துவிடுகிறது. கப்பலில் ஒவ்வொருவரும் ஏழெட்டு வகைகளில் ஒன்றைத் தேர்ந்து சொல்கிறார். உள்ளே நீளமான எஃகு மேஜை, அதன் மேலே சூடு காக்கும் விளக்குகள். ஒருவர் இறைச்சித் துண்டை வைக்கிறார், அடுத்தவர் மசித்த உருளைக்கிழங்கு, அதற்கடுத்தவர் காய். கடைசியில் நிற்பவர் சாறு ஊற்றி, தட்டின் விளிம்பில் தெறித்ததைத் துணியால் துடைத்து, மூடி போட்டுவிடுகிறார். மூடிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெரிய தாம்பாளத்தில் அடுக்கி, தோளில் ஏற்றிக்கொண்டு பரிமாறுபவர் நடக்கிறார். சில கப்பல்களில் சமையற்கூடம் ஒரு தளத்தில், மேஜை இன்னொரு தளத்தில், நடுவே எஸ்கலேட்டர்.

அந்த மூடிக்குள்தான் சாப்பாட்டின் தலையெழுத்து தீர்மானமாகிறது. வறுத்த மீனின் மொறுமொறுப்பு தன் ஆவியிலேயே நனைந்து போகிறது. பாதி வெந்ததாகக் கேட்ட ஸ்டேக், மேஜைக்கு வருவதற்குள் முக்கால் வெந்துவிடுகிறது. அதே மூடிக்குள் மெதுவாக வேகவைத்த ஆட்டுக்கால், சூப், லசான்யா, குழம்பு வகைகள் எல்லாம் எந்தச் சேதமும் இல்லாமல் வந்து சேரும். பொது உணவுக்கூடத்தில் எதைக் கேட்பது என்று யாராவது என்னிடம் கேட்டால், சாறும் குழைவும் உள்ளதைக் கேளுங்கள், சுட்டதையும் பொரித்ததையும் அங்கே தவிருங்கள் என்பேன். இன்னொன்றும் உண்டு. தீ பயத்தால் பயணக் கப்பல்களின் சமையற்கூடங்களில் ஏறத்தாழ எல்லாமே மின்சார அடுப்புகள். வாணலியில் தீ ஏறிவரும் சீன வறுவலின் புகைமணமோ, கரியடுப்புத் தந்தூரியின் மணமோ கடலில் கிடைக்காது. இதை எந்த நிறுவனத்தின் குறையாகவும் எழுதக் கூடாது. எல்லாருக்கும் பொதுவான கட்டுப்பாடு.

பொதுவாக இல்லாதது ஆள்கணக்கு. ஐகான் கப்பலில், ஓர் அறைக்கு இருவர் என்று வைத்தால், 5,610 பயணிகளுக்கு 2,350 ஊழியர்கள். ஓஷியானியா நிறுவனத்தின் ‘விஸ்டா’வில் 1,200 பயணிகளுக்கு 800 ஊழியர்கள். முதலாவதில் ஓர் ஊழியருக்கு ஏறத்தாழ 2.4 பயணி, இரண்டாவதில் ஒன்றரை. ஊழியர்கள் எல்லாரும் சமையல்காரர்கள் அல்லர். என்றாலும் இந்த வித்தியாசம் தட்டில் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆயிரத்து இருநூறு பேருக்கு மீனை ஆர்டர் வந்தபின் அடுப்பில் போடலாம். ஐயாயிரத்து அறுநூறு பேருக்கு முன்கூட்டியே போட்டுவைத்துத்தான் ஆக வேண்டும்.

இனி, காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகங்கள். ‘ஸ்பெஷாலிட்டி’ என்று பெயரிட்டுத் தனிக் கட்டணம் வாங்குவது இந்தக் காலத்துப் பேராசை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1905-இல் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் தனி உணவகம் திறந்தார்கள். 1912-இல் டைட்டானிக்கில் லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் ஒப்பந்த முறையில் அப்படி ஒன்றை நடத்தினார். ஆக, தனிக் காசு உணவகம் கடலுக்குப் புதிதல்ல. அதை நான் எதிர்க்கவும் இல்லை. பிறந்தநாளுக்கோ கல்யாண நாளுக்கோ இருவர் அமைதியாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும்தான். பொது மேஜையில் நேற்றுவரை இருந்த நல்ல பண்டம் இன்று கட்டண மேஜைக்கு நகர்வதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்த நகர்வு எங்கே தொடங்கியது என்று பார்த்தால் நார்வீஜியன் நிறுவனத்தின் பெயர் வரும். 2000-ஆம் ஆண்டு அவர்கள் ‘ஃப்ரீஸ்டைல்’ முறையைக் கொண்டு வந்தார்கள். குறித்த நேரப் பந்தி, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜை, இரவுக்குக் கட்டாயக் கோட்டு சூட்டு என்ற பழைய சட்டங்களைத் தூக்கிப் போட்டார்கள். வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், வேண்டியவரோடு சாப்பிடலாம். இது பயணிகளுக்குக் கிடைத்த உண்மையான விடுதலை என்பதில் சந்தேகமில்லை. சிறு குழந்தையோடு போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. ராயல் கரீபியனில் ‘மை டைம்’, பிரின்சஸில் ‘எனிடைம்’ என்று பெயர்கள் மாறின, அவ்வளவுதான். ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. கப்பலின் நடுநாயகமாக இருந்த பொது உணவுக்கூடம், பல இடங்களில் ஓர் இடமாகச் சுருங்கியது. சுருங்கிய இடத்தில் யார் அக்கறை காட்டுவார்கள்?

அதன்பின் நடந்தவை ஆவணத்தில் இருப்பவை. அறைக்கே சாப்பாடு கொண்டுவந்து தரும் சேவை இலவசமாக இருந்தது. 2015-இல் நார்வீஜியன் அதற்கு 7.95 டாலர் வாங்கத் தொடங்கியது. 2017-இல் ராயல் கரீபியனும் அதே தொகையை வைத்தது. 2022-இல் கார்னிவல், பொது உணவுக்கூடத்தில் மூன்றாவது முதன்மைத் தட்டு கேட்டால் 5 டாலர் என்றது. 2023-இல் ராயல் கரீபியன் தன் இரவு மெனுவையே மாற்றியது: இத்தாலி இரவு, மெக்சிகோ இரவு என்று நாளுக்கொரு கருப்பொருள், வகைகள் குறைவு, பரிமாறல் வேகம்.

இவற்றை ஒரே தராசில் போடக் கூடாது. மூன்றாவது தட்டுக்குக் கட்டணம் என்பதை நான் ஆதரிக்கிறேன். ஆளுக்கு இரண்டு பெரிய தட்டு என்பதே தாராளம். மூன்றாவதை ருசி பார்க்க வாங்கி, இரண்டு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்பும் வழக்கத்துக்கு ஒரு தடை வேண்டும். அறைச் சாப்பாட்டுக் கட்டணமும் பெரும்பாலானவர்களைத் தொடுவதில்லை. ஆனால், முதியவர் ஒருவர் உடம்பு சரியில்லாமல் அறையில் படுத்திருந்தால் அவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொண்டுபோகவும் எட்டு டாலர் என்பது எனக்கு உறுத்துகிறது. ராயல் கரீபியனின் மெனு மாற்றம்தான் ஆழமானது. வகை குறைந்தால் சமைப்பவருக்குக் கவனம் கூடும், தட்டு சூடாக வரும் என்று நிறுவனத்துக்காக ஒருவர் வாதாடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், சீக்கிரம் பரிமாறினால் மேஜை சீக்கிரம் காலியாகும். பொது மெனுவின் ஓரத்திலேயே நல்ல ஸ்டேக்குக்கும் முழுச் சிங்கி இறாலுக்கும் தனி விலை அச்சிட்டிருக்கும்போது, எதற்காக இத்தனை அவசரம் என்பது புரிந்துவிடுகிறது.

டிக்கெட் விலையைப் பாருங்கள், அந்தக் காசுக்கு இவ்வளவுதான் தர முடியும் என்பது நிறுவனங்கள் தரப்பு நியாயம். அதையும் எடைபோட்டாக வேண்டும். பெரிய கப்பல்களின் டிக்கெட் உண்மையிலேயே மலிவு. நடுத்தர ஊர் ஒன்றில் ஹோட்டல் அறை எடுத்து மூன்று வேளையும் வெளியே சாப்பிடுகிற செலவுக்குள் பல நேரம் அடங்கிவிடும். கூடுதல் செலவு செய்கிறவர்தான் செலவு செய்யாதவரின் டிக்கெட்டையும் தாங்குகிறார் என்று பார்த்தால், கட்டண உணவகத்துக்குப் போகாத குடும்பத்துக்கு அது லாபமே. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: பொது மேஜை தன் மரியாதையை இழக்காமல் இருக்க வேண்டும்.

அந்த மரியாதையைக் காப்பாற்ற முடியாது என்று இவர்கள் சொல்ல முடியாததற்குக் காரணம், இந்தத் தொழிலின் சொந்தக்காரர்கள் யார் என்பது. நார்வீஜியனை நடத்தும் அதே நிறுவனம்தான் 2014 முதல் ஓஷியானியாவையும் ரீஜென்ட்டையும் நடத்துகிறது. ராயல் கரீபியன் குழுமத்தின் கையில்தான் செலிப்ரிட்டியும் சில்வர்சீயும். கார்னிவல் குழுமத்திடம் பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், பி அண்ட் ஓ, கோஸ்டா, சீபோர்ன் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஓஷியானியாவில் ஒரு முதலாளிக்குக் கைவரும் சமையல் நார்வீஜியனில் கைவராமல் போகாது. எவ்வளவு காசு வாங்குவது, அதில் எவ்வளவைத் தட்டில் போடுவது என்ற முடிவுதான் இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு. ஆகவே ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவது என்பது, பல நேரம் ஒரே முதலாளியின் இரண்டு முடிவுகளை ஒப்பிடுவதுதான்.

ஓஷியானியாவின் முடிவு எனக்குப் பிடித்த முடிவு. பிரெஞ்சுச் சமையல் மேதை ஜாக் பெப்பான் தொடக்கத்தில் அதன் சமையலுக்குத் தலைமை வழிகாட்டியாக இருந்தவர். சில கப்பல்களில் அவர் பெயரிலேயே ‘ஜாக்’ என்ற உணவகம் இருக்கிறது. அதோடு ஆசியச் சமையலுக்கு ‘ரெட் ஜிஞ்சர்’, ஸ்டேக்குக்கு ‘போலோ கிரில்’, இத்தாலிக்கு ‘டோஸ்கானா’. எதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. இடம் மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சிறப்பு உணவகத்துக்கும் பொது உணவுக்கூடத்துக்கும் நடுவே விலைச்சுவர் இல்லாததால், பொதுக் கூடத்தின் சமையலை வேண்டுமென்றே இறக்கிவைக்க யாருக்கும் காரணம் இல்லை. பஃபே பகுதியில்கூட மாலையில் சிங்கி இறாலை உங்கள் கண்முன் சுட்டுத் தருகிறார்கள். டிக்கெட் விலை பெரிய கப்பல்களைவிட வெகுவாகக் கூடுதல்தான். ஆனால் கொடுத்த காசு எங்கே போயிற்று என்று வாயில் வைத்தவுடன் தெரிகிறது.

வர்ஜின் வாயேஜஸ் இதையே இன்னொரு திசையிலிருந்து செய்தது. அவர்களின் முதல் கப்பல் ‘ஸ்கார்லெட் லேடி’ 2021-இல் பயணம் தொடங்கியபோது, அதில் பஃபேயும் இல்லை, பெரிய பொது உணவுக்கூடமும் இல்லை. கொரியப் பாணியில் மேஜையிலேயே சுட்டுத் தரும் ‘கன்பே’, மெக்சிகோவுக்கு ‘பிங்க் அகாவே’, இத்தாலிக்கு ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’, காய்கறிக்கு முன்னிடம் தரும் ‘ரேசில் டேசில்’ என்று எல்லாம் சிறு சிறு உணவகங்கள், எல்லாம் டிக்கெட்டுக்குள். ஆயிரம் பேர் பந்தியும் அந்த மூடிபோட்ட தட்டும் இல்லாமலே சுமார் 2,700 பேருக்குச் சமைத்துக் காட்டலாம் என்று நிரூபித்தது இந்தக் கப்பல்தான். அமைப்பு என்ற வகையில் இந்த நூற்றாண்டின் கப்பல் சமையலில் நடந்த பெரிய மாற்றமாக இதைத்தான் சொல்வேன். சில உயர்ந்த வெட்டு இறைச்சிகளுக்கு மட்டும் தனி விலை உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை என்பதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பயன்படாது.

நடுத்தட்டில் செலிப்ரிட்டியைக் கவனிக்க வேண்டும். 2018-இல் வந்த ‘எட்ஜ்’ கப்பலில், ஒரே பெரிய கூடத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்த மெனு கொடுத்து, பொதுவான சில பண்டங்களையும் எல்லா இடத்திலும் வைத்தார்கள். கேட்க எளிதான விஷயம். ஆனால் கூடம் சிறிதானால் சமையல் மேஜைக்கு அருகில் வருகிறது, இரைச்சல் குறைகிறது, பரிமாறுபவர் உங்கள் முகத்தை நினைவில் வைக்கிறார்.

குனார்ட் பழைய வர்க்கப் பிரிவை இன்னும் விடவில்லை. எந்த அறை எடுத்தீர்களோ அதைப் பொறுத்து பிரிட்டானியா, பிரின்சஸ் கிரில், குயின்ஸ் கிரில் என்று சாப்பாட்டு இடம் பிரிகிறது. எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் தினமும் ஒரு புதிய கட்டணத்தை நீட்டாமல், கொடுக்க வேண்டியதை டிக்கெட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்ற நேர்மையை மறுக்க முடியாது. எம்எஸ்சி, கோஸ்டா இரண்டிலும் பீட்சாவும் பாஸ்தாவும் நம்பிச் சாப்பிடலாம். அதற்கு அப்பால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். டிஸ்னியில் தினமும் உணவகம் மாறும், பரிமாறுபவர்கள் மட்டும் மாறாமல் குடும்பத்தோடு கூடவே வருவார்கள். குழந்தைக்கு எந்தக் காய் பிடிக்காது என்பது இரண்டாம் நாளே அவர்களுக்குத் தெரிந்துவிடும். சமையல் சுமார்தான், கவனிப்பு உயர்தரம்.

பஃபேயைப் பற்றி ஒன்று. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. 100-க்கு 85 அல்லது அதற்குக் குறைந்த மதிப்பெண் என்றால் தோல்வி. சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. வயிற்றுப்போக்கு ஆயிரக்கணக்கானவர்களிடம் பரவக்கூடிய மூடிய இடத்தில் இந்தக் கெடுபிடி தேவையே. ஆனால் மணிக்கணக்கில் 57 டிகிரியில் காத்திருக்கும் எந்தப் பொரியலும் பொரியலாக இருக்காது. பஃபேயில் உங்கள் முன்னே செய்து தரும் முட்டை, பாஸ்தா, தோசைக் கல் இருந்தால் தோசை, இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சமையலின் சிந்தனை என்று பார்த்தால் எல்லாரையும் தாண்டி நிற்பது சில்வர்சீ. 2021-இல் ‘சில்வர் மூன்’ கப்பலோடு தொடங்கிய ‘சால்ட்’ திட்டத்தை, ‘சவூர்’ உணவு இதழின் ஆசிரியராக இருந்த ஆடம் சாக்ஸ் வடிவமைத்தார். கப்பல் எந்தக் கரையை ஒட்டிப் போகிறதோ அந்தக் கரையின் சமையல் அன்றைக்கு மெனுவில் வருகிறது; பயணிகளே சமைத்துப் பழக ஒரு கூடமும் இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்றால், பெரிய கப்பல்களின் மிகப் பெரிய வறுமை இங்கேதான். நேபிள்ஸில் நிற்கும் கப்பலிலும் கோசுமெலில் நிற்கும் கப்பலிலும் அன்றிரவு ஒரே கோழி, ஒரே உருளைக்கிழங்கு. ஆறாயிரம் பேருக்குத் தேவையான மீனை ஒரு சிறு துறைமுகச் சந்தையில் வாங்க முடியாது என்பது வாஸ்தவம்தான். சில நூறு பேர் மட்டுமே போகும் கப்பலுக்கு அது சாத்தியம். ஆனால் அந்தக் கப்பலின் டிக்கெட் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இனி சைவம். இந்தியப் பயணிகள் அதிகம் போகத் தொடங்கியபின் எல்லாப் பெரிய நிறுவனங்களும் ஏதோ ஒன்றைச் செய்கின்றன. கார்னிவலின் இரவு மெனுவில் ஓர் இந்தியச் சைவத் தட்டு வழக்கமாக இருந்து வருகிறது. ராயல் கரீபியனில் தலைமைப் பரிமாறுபவரிடம் முதல் இரவே சொல்லிவிட்டால் அடுத்த நாளிலிருந்து இந்தியச் சாப்பாடு தனியாக வரும். நார்வீஜியனின் ‘பிரைமா’வில் ‘இண்டல்ஜ் ஃபுட் ஹால்’ என்ற இடத்தில், மேஜையிலிருக்கும் திரையைத் தொட்டே ஆர்டர் செய்யலாம். ‘தமரா’ என்ற இந்தியக் கடையும் அதில் உண்டு, கட்டணம் இல்லை. பி அண்ட் ஓ 2010-இல் ‘அஸூரா’ கப்பலில் அதுல் கோச்சரைக் கொண்டு ‘சிந்து’ என்ற உணவகத்தைத் திறந்தது. லண்டனில் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற இந்தியச் சமையல்காரர் அவர். நல்ல முயற்சி, ஆனால் அது தனிக் கட்டண உணவகம்.

இவற்றில் இரண்டு குறைகள். ஒன்று, பெயர் இந்தியா என்றாலும் சமையல் பெரும்பாலும் வடக்கு: பனீர், தால், கொண்டைக்கடலை, நான். ஏழு நாளில் மூன்றாம் நாளே சலித்துவிடும். புளிக்கும் மிளகுக்கும் தேங்காய்க்கும் ஏங்குகிற நாக்குக்கு அங்கே பதில் இல்லை. கப்பல்களின் சமையற்கூடங்களில் கோவாக்காரர்களும் கேரளத்தவரும் நிறையப் பேர் வேலை செய்தும் இந்த நிலை என்பது வருத்தம் தருகிறது; கை இருக்கிறது, மெனுவில் இடம்தான் இல்லை. இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. சைவம் என்று குறியிட்ட தட்டுகளையே நுணுக்கமாகக் கேட்டாக வேண்டும். காய்கறி சூப்புக்கு அடியில் கோழி வேகவைத்த நீர் இருக்கலாம். தாய்லாந்துப் பாணிக் குழம்பில் மீன் சாறும் சீன வறுவலில் சிப்பிச் சாறும் சேரலாம். புட்டிங்கில் ஜெலட்டின், பார்மேசான் பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். முட்டையைச் சைவத்தில் சேர்ப்பதே மேற்கத்திய வழக்கம் என்பதால், வெறுமனே சைவம் என்று சொன்னால் ஆம்லெட் வந்து நிற்கும். ‘முட்டை இல்லை, மீன் சாறு இல்லை, இறைச்சி நீர் இல்லை’ என்று ஒவ்வொன்றாகச் சொல்வதே வழி. ஜைன உணவு என்று முன்பதிவின்போதே குறித்துவிடுவது இதில் பாதிக் கவலையைத் தீர்க்கும். வெங்காயம் பூண்டு போய்விடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு கேள்வியில் மட்டும் பெரிய பெயர்களெல்லாம் பின்னுக்குப் போகின்றன. சிங்கப்பூரிலிருந்து 2022 ஜூன் முதல் புறப்படும் ரிசார்ட்ஸ் வேர்ல்டின் ‘கெண்டிங் டிரீம்’, ஹலால் சாப்பாட்டையும் சைவ, ஜைன உணவையும் தன் அன்றாடச் சமையலில் சேர்த்திருக்கிறது. இந்தியர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் கலந்து ஏறும் கப்பல். எனவே இது சலுகையாக வருவதில்லை, வழக்கமாகவே வருகிறது. இன்னொன்று கோர்டீலியா. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்படத் தொடங்கி, 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக் கரைகளையும் தொட்ட அந்நிறுவனத்தின் ‘எம்ப்ரெஸ்’, 1990-இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய பழைய கப்பல். அதன் கூடங்கள் இன்றைய கப்பல்களோடு அழகில் போட்டி போட முடியாது. உணவகங்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆனால் அங்கே சோறும் பருப்பும் தயிரும் யாரையும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியவை அல்ல. எழுபது வயதுப் பாட்டி, பரிமாறுபவரிடம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்காமல், தட்டை எடுத்துக்கொண்டு தானே போய்ப் போட்டுக்கொண்டு வரலாம். இதன் மதிப்பை மிஷெலின் நட்சத்திரத்தால் அளக்க முடியாது.

தீர்ப்புக்கு வருகிறேன். சமையலின் தரம் மட்டுமே கணக்கு என்றால் ஓஷியானியா முதலிடம். சில்வர்சீ அதைவிடப் பெரிய கனவு காண்கிறது, ஆனால் அந்த விலைக்கு அதை முதலிடத்தில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. கொடுத்த காசுக்குக் கிடைப்பது என்று பார்த்தால், குழந்தைகள் இல்லாத இருவருக்கு வர்ஜின். பெரிய குடும்பக் கப்பல்களில் கார்னிவலா ராயல் கரீபியனா என்ற பழைய சண்டையில், சாப்பாட்டை மட்டும் வைத்துச் சொன்னால் கார்னிவல். அங்கே சமையல்காரர் கை ஃபியேரியின் பர்கர் கடை, மெக்சிகோக் கடை, பின்னிரவு வரை கிடைக்கும் பீட்சா எல்லாம் டிக்கெட்டுக்குள். அங்கே அந்த எளிய பண்டங்களை மனம் வைத்துச் செய்கிறார்கள். ராயல் கரீபியனின் நீச்சல் குளங்களும் ஆட்டபாட்டங்களும் நிகரற்றவை. ஆனால் ஐகானில் ‘எம்பயர் சப்பர் கிளப்’ போன்ற ஓர் இரவுச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 100 டாலருக்கு மேல் கேட்கும் நிறுவனம், பொது உணவுக்கூடத்தில் அதற்கு ஈடான அக்கறை காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. நார்வீஜியன் வேண்டுமென்றால் ‘பிரைமா’ வகைக் கப்பலை மட்டும் தேர்ந்தெடுங்கள், அந்த ஃபுட் ஹாலுக்காகவே. காசும் கையில் உண்டு, பெரிய கப்பலும் வேண்டும் என்பவருக்குச் செலிப்ரிட்டியின் ‘எட்ஜ்’ வகை.

சைவம் தவிர வேறு தொடாத பெரியவர்களை அழைத்துக்கொண்டு முதல் தடவையாகப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு மேலே சொன்ன எதையும் நான் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் போக முடிந்தால் கெண்டிங் டிரீம், சென்னையிலிருந்தே என்றால் கோர்டீலியா. அதிலும் இன்னும் ஆக வேண்டியது உண்டு. சென்னைத் துறைமுகத்தில் ஏறுகிறவர்களுக்காக ஒரு தோசைக் கல், அதற்கென்றே ஓர் ஆள், வற்றக்குழம்பும் ரசமும் வைக்கத் தெரிந்த ஒரு சமையல்காரர். இவை மின்சார அடுப்பிலும் வரும், மூடிக்குள் ஏறி மேஜைக்கு வந்தாலும் கெடாது, செலவும் பெரிதல்ல. எந்த நிறுவனம் இதை முதலில் செய்கிறதோ, இந்த வரிசையில் அதற்கு நான் இடம் மாற்றித் தருவேன்.